கேற் பெயின்ற் பூசிய குட்டி ஹைலக்ஸ்: பிரித்துக் கட்டி மூன்று வருடத்துக்குப் பிறகு

மாமி வீட்டு அலுமாரிக்கு மேல் கிடந்த அந்தக் கெப்பை நான் கீழே இறக்கியது 2022 தைப்பொங்கல் அன்று. ஜப்பான் கிட், அதாவது துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து நாமே ஒட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் மாடல், ஹைலக்ஸ் டபுள் கெப், 1/24 அளவு, அதாவது முன் பம்பரிலிருந்து பின் கதவு வரை ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர். சுனாமிக்குப் பிறகு, 2005இல், மாமா ஒரு நிவாரண நிறுவனத்துக்கு வாகனம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், சுவிஸில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் "அப்பா ஓடுற வாகனம்" என்று மச்சானுக்கு அனுப்பிய பெட்டி. மச்சானுக்கு அப்போது 11 வயது. விளக்கத் தாள் முழுக்க ஜப்பான் மொழி, இதற்கென்று தனிப் பசை இருக்கிறது என்பதே எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கடைச் சுப்பர் குளூவையும் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை எனாமலையும் வைத்து இரண்டு நாளில் கட்டி முடித்துவிட்டான்.

எங்களுக்கு அந்த வாகனத்தில் ஏன் அவ்வளவு ஆசை என்றால், மட்டக்களப்புக் கல்லடிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அப்போது வாவிக்கு மேல் பழைய பாலம் ஒன்றுதான், 1924இல் வந்தது, ஒரு பக்கத்து வாகனம் போய் முடியும்வரை மற்றப் பக்கம் நிற்க வேண்டும், புதுப் பாலம் 2013இல்தான் திறந்தார்கள். அந்த வரிசையில் வெள்ளை டபுள் கெப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும், நாங்கள் கரையில் நின்று எண்ணுவோம். மாமாவின் கெப் வந்தால் ஹோர்ன் அடிப்பார்.

"அது பழுதாப்போன சாமான் மனெ, அதை எங்க கொண்டு போறாய்" என்றார் மாமி. கட்டாரில் இருக்கிற மச்சானுக்கு அன்று பின்னேரமே போன் எடுத்தேன். "எடு மச்சான், ஆனா அடியில என்ட பேர் எழுதிக் கிடக்கும், அதை மட்டும் அழிச்சிராத" என்றான். திருப்பிப் பார்த்தேன், பின் பெட்டிக்கு அடியில், பெயின்ற் படாத பிளாஸ்டிக்கில், நீலக் குமிழ்முனைப் பேனையால் பெயரும் வகுப்பும் எழுதியிருந்தது.

நிலைமை இப்படி. நாலு சில்லில் மூன்றுதான் தரையில் நிற்கும். கதவு இடுக்குகள் எல்லாம் எனாமலால் மூடிப்போய் வண்டி ஒரே சவர்க்காரக் கட்டி மாதிரி இருந்தது. முன் கண்ணாடியில் வெள்ளைப் புகார் படிந்த மாதிரி ஒரு படலம், நடுவில் மச்சானின் பெருவிரல் ரேகை அச்சொட்டாக. பின்னால் வருவதைப் பார்க்கிற இடப் பக்கக் கண்ணாடியும் ஒரு வைப்பரும் இல்லை. ஆனால் பெட்டியை மாமி எறியவில்லை, அதற்குள் பாகங்களை வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற பிளாஸ்டிக் சட்டங்களும் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துத் தாளும் அப்படியே இருந்தன. இதைத்தான் நான் பெரிய அதிர்ஷ்டம் என்று சொல்வேன், ஏன் என்று கீழே வரும்.

பிழையாகக் கட்டிய மாடலைத் திருத்துவதில் முக்கால்வாசி வேலை பிரிப்பதுதான், அதுவும் அவசரப்படாமல் பிரிப்பது. சுப்பர் குளூ இங்கே நமக்கு நல்லது செய்கிறது. கிட்டுக்கான பசை பிளாஸ்டிக்கை உருக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும், அப்படி ஒட்டியதைப் பிரிக்க வெட்டத்தான் வேண்டும். சுப்பர் குளூ அப்படி இல்லை, மேற்பரப்பில் பிடித்துக்கொண்டு நிற்கும், கடுங்குளிரில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். பொலித்தீன் பையில் சுற்றி பிரிட்ஜின் ஐஸ் பெட்டிக்குள் ஒரு இரவு வைத்து, எடுத்த உடனேயே மெதுவாக முறுக்கினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பம்பர், கிறில், இருக்கைகள், அடிச்சட்டம் எல்லாம் இப்படித்தான் வந்தன. எடுத்து அரை நிமிடம் போனாலே நம் ஊர் வெக்கைக்குப் பசையின் பழைய பிடி திரும்பிவிடும், பிறகு பலம் கொடுத்தால் பிளாஸ்டிக்தான் உடையும். எனக்கு இதில் ஒரு மாதம் வீணாகப் போனது, 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும், ஐஸ் பெட்டியில் தண்ணீர்தான் நின்றது.

கூரையும் பின் சுவரும் சேர்கிற இடம் குளிருக்கு மசியவில்லை, மச்சான் பசையை ஊற்றியிருந்தான். அதற்குத் தங்கூசி. தூண்டிலுக்குக் கட்டுகிற மெல்லிய தங்கூசியை இடுக்கில் விட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தால், வாள் மாதிரிப் பசையை அறுத்துக்கொண்டு போகும். பிளேடை விட இது பத்திரம். பிளேட் வழுக்கினால் கதவில் கோடு விழும், தங்கூசி தன் வழியை விட்டு விலகாது.

இனி பெயின்ற். இந்த இடத்தில் தயவு செய்து கவனமாக வாசியுங்கள், ஏனென்றால் ஒரு தெரிந்த கராஜில் "தின்னர்ல போடு தம்பி, அஞ்சு நிமிசத்துல போயிரும்" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். அவர்கள் இரும்புக்குப் பழகியவர்கள். இந்தக் கிட்டுகள் பொலிஸ்டைரீன், தின்னரிலோ அசற்றோனிலோ போட்டால் பெயின்றுக்கு முதல் வண்டி கரையும். மிச்சச் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டித் தின்னரில் போட்டுப் பார்த்தேன், கொஞ்ச நேரத்தில் சுவிங்கம் மாதிரி விரலில் இழுபட்டது. எதைப் பாவிக்க நினைத்தாலும் முதலில் சட்டத் துண்டில் பாருங்கள்.

நான் பாவித்தது டெற்றோல். பாமசியில் வாங்கும் அதே மண்ணிறப் போத்தல், தண்ணீர் கலக்காமல். ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பாவில் வண்டியின் கூட்டை மூழ்கவைத்து மூடி இரண்டு நாள் விட்டேன். மூடியைத் திறந்தபோது எனாமல் நெருப்புப்பட்ட தோல் மாதிரிச் சுருண்டு நின்றது. இங்கேதான் எல்லாரும் பிழை விடுகிறார்கள், உடனே குழாய்த் தண்ணீரில் பிடித்தால் அந்தச் சுருண்ட பெயின்ற் தாராகிவிடும், இடுக்கு இடுக்காக ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். முதலில் பல்துலக்கும் பிரஷை டெற்றோலிலேயே தோய்த்துத் தேய்க்க வேண்டும், இரண்டாம் தடவை புது டெற்றோலால் கழுவ வேண்டும், பெயின்ற் முழுக்கப் போன பிறகுதான் சவர்க்காரத் தண்ணீர். கையுறை கட்டாயம், காற்றோட்டமும் கட்டாயம். கேற் பெயின்ற் என்பதால் எனக்கு மூன்று முறை ஊறவைக்க வேண்டி வந்தது. மூன்றாம் முறை தேய்க்கும்போது சாரதி பக்கக் கதவின் கைப்பிடி வெளியே வந்தது, அதன் சாவித் துவாரம்கூடத் தெரிந்தது, ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத குழி. பதினாறு வருடம் அது அந்த எனாமலுக்கு அடியில் அப்படியே இருந்திருக்கிறது.

பின் பெட்டியை மட்டும் டப்பாவில் போடவில்லை. பேனை மையை டெற்றோல் ஒரு நொடியில் கொண்டுபோய்விடும். மேல் பக்கத்துக்கு மட்டும் பஞ்சால் தொட்டுத் தொட்டுத் துடைத்தேன், நாலு நாள் எடுத்தது.

பம்பரின் குரோம் முலாம் வீட்டில் உடுப்பு வெளுக்கப் பாவிக்கிற குளோரின் திரவத்தில் தானாகக் கரைந்துவிடும். அதை டெற்றோல் பாத்திரத்துக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள், இரண்டும் கலந்தால் நச்சுப் புகை வரும்.

மூன்று காலில் நிற்கும் பிரச்சினைக்கு வருவோம். பின் ஸ்ப்ரிங் பட்டை ஒன்றை மச்சான் குழியில் இறக்காமல் விளிம்பில் ஒட்டியிருந்தான், ஒரு பக்கம் இரண்டு மில்லிமீற்றர் உயரம். அதைக் கழற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், ஆகவில்லை. அத்தனை வருடம் முறுகிய நிலையில் கிடந்து அடிச்சட்டமே அந்த வடிவத்தைப் பிடித்திருந்தது. கொதித்து இறக்கி இரண்டு மூன்று நிமிடம் ஆறிய தண்ணீரில் அடிச்சட்டத்தை வைத்து, எடுத்து எதிர்ப் பக்கம் மெல்ல முறுக்கிப் பிடித்துக்கொண்டு பச்சைத் தண்ணீரில் விட்டேன். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், 100 பாகைக்குக் கிட்டப் போனால் பொலிஸ்டைரீன் தளர்ந்துவிடும், பிறகு அது நம் சொல் கேட்காது. ஐந்தாறு தடவை செய்து, ஒவ்வொரு தடவையும் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து, கடைசியில் நாலு சில்லும் தரையில் உட்கார்ந்தன.

சில்லைக் கழற்றியபோது இன்னொன்று தெரிந்தது. டயர் பார்க்க ரப்பர் மாதிரி இருந்தாலும் அது மென்மையாக்கிய வைனில். அந்த மென்மையாக்கும் எண்ணெய் வருடக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருந்த இடமெல்லாம் ரிம்மைத் தின்றிருந்தது, ரிம்மைச் சுற்றி ஒரு பள்ளம். இது மச்சானின் பிழை இல்லை, பழைய கிட் எதற்கும் வரும். ரிம்மை நிரவித் தேய்த்து, சொக்லேட் சுற்றி வரும் மெல்லிய அலுமினியத் தாளை ஒரு சுற்றுச் சுற்றி டயரைப் போட்டேன்.

முன் கண்ணாடிப் படலம் சுப்பர் குளூவின் ஆவி. அது உள்ளே ஊறியதில்லை, மேலே படிந்தது. 2000ஆம் நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரோடு வைத்துத் தேய்த்து, பிறகு வாகனத்தை மினுக்கப் போடும் கொம்பவுண்ட், கடைசியில் பற்பசை. மூன்று பின்னேரம். பெருவிரல் ரேகை மட்டும் ஒரு ஓரத்தில் கொஞ்சம் தெரியும், அந்த இடத்தில் ஆழமாகப் போயிருந்தது, மேலும் தேய்த்தால் கண்ணாடி வளையும் என்று விட்டுவிட்டேன்.

மிச்சச் சட்டங்கள் உதவிய கதை இதுதான். சட்டத்தைச் சிறு சிறு துண்டாக வெட்டி, கொழும்பிலிருந்து எடுப்பித்த தமியா பச்சை மூடிப் பசையில் ஒரு இரவு ஊறவிட்டால் பாணி மாதிரி ஒரு கூழ் வரும். அதே பிளாஸ்டிக், ஆகவே ஆழமான இடுக்குக்கு அதைவிட நல்ல நிரப்பி கிடையாது. இல்லாத இடப் பக்கக் கண்ணாடியை யோகட் கப்பில் வெட்டினேன், அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருந்தால் அதுவும் பொலிஸ்டைரீன்தான், அதே பசை பிடிக்கும்.

பெயின்ற் அடிக்க நான் ஆனி மாதம் வரை காத்திருந்தேன், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மாரியில், வாவிப் பக்க வீட்டில், ஈரக் காற்றில் ஸ்பிரே அடித்தால் மினுக்கம் போய்ப் பால் படிந்த மாதிரி வெளிறும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதுதான் காரணம். தென்மேற்கிலிருந்து வறண்டு அடிக்கிற கச்சான் காற்று தொடங்கினால் ஈரம் இருக்காது, ஆனால் மணல் இருக்கும். ஆகவே விடிய ஆறு மணிக்கு, காற்று கிளம்ப முதல், குளியலறைச் சுவரை நனைத்துத் தூசியை அடக்கிவிட்டு அடித்தேன். முதலில் பிரைமர், பிறகு காத்தான்குடி ஹாட்வெயார் ஒன்றில் வாங்கிய வெள்ளை ஸ்பிரே. மெல்லியதாக, ஒரு அடி தள்ளி, ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் அரை மணித்தியாலம். தடித்து அடித்தால் இந்தக் கடை ஸ்பிரேயும் பிளாஸ்டிக்கைக் கடிக்கும்.

எழுத்துத் தாள் மஞ்சளாகியிருந்தது. பொலித்தீனில் போட்டு யன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு ஒட்டிவைத்தேன், பத்து நாளில் மஞ்சள் பெரும்பாலும் போய்விட்டது. ஒரு மூலை மட்டும் கிழிந்திருந்தது, ஸ்டிக்கர் என்று நினைத்து மச்சான் உரித்துப் பார்த்திருக்கிறான். பின் கதவு எழுத்துகள் முழுசாக இருந்தன. அவை தண்ணீரில் கழன்று வெள்ளையில் வழுக்கிப்போய் உட்கார்ந்தபோதுதான் அது வண்டியானது, அதுவரை அது பொம்மைக் கூடு.

ஆவணியில் முடித்தேன். இப்போது மூன்று வருடம் தாண்டிவிட்டது, எது நின்றது எது நிற்கவில்லை என்று சொல்லலாம். சட்டக் கூழ் போட்ட இடம் ஒன்றில்கூடக் கோடு தெரியவில்லை. ஆனால் கூரை இணைப்பில் மட்டும் அவசரத்துக்கு, கராஜில் பள்ளம் நிரப்பப் பாவிக்கிற பட்டியைப் போட்டேன், ஆறு மாதத்தில் அது சுருங்கி மெல்லிய நிழல் மாதிரி ஒரு கோடு மேலே வந்துவிட்டது, வெயில் சரிவாக விழும்போது நன்றாகத் தெரியும். அலுமினியத் தாள் சரியான முடிவு, சென்ற மாதம் ஒரு டயரைக் கழற்றிப் பார்த்தேன், ரிம் சுத்தமாக இருந்தது. அடிச்சட்டம் திரும்ப முறுகவில்லை. யோகட் கப் கண்ணாடி தூசி தட்டும்போது இரண்டு முறை விழுந்தது, பிறகு மின்வயரிலிருந்து ஒரு செப்புக் கம்பியை எடுத்து ஆணி மாதிரி இறக்கி ஒட்டினேன், அதற்குப் பிறகு அசையவில்லை. குரோம் போன பம்பருக்கு அடித்த சில்வர் கை பட்ட இடமெல்லாம் மங்கிவிட்டது, அதன் மேல் விரல் வைக்காதீர்கள்.

எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தந்தது கிளியர். வெள்ளை அப்படியே வெள்ளையாக இருக்கிறது, அதற்கு மேல் மினுக்கத்துக்கு அடித்த கிளியர், அந்த நிறமில்லாத மேற்பூச்சுத்தான், யன்னலைப் பார்த்து நின்ற வலப் பக்கத்தில் இளமஞ்சளாகிவிட்டது. இடப் பக்கத்தில் இல்லை, இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெளிவு. வெள்ளை வண்டி என்றால் கிளியரே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம், நல்ல வெள்ளையைக் கொம்பவுண்டால் மினுக்கினால் போதும். எழுத்துகளுக்கு மேல் மட்டும் கொஞ்சம் அடிக்கலாம்.

போன சித்திரையில் மச்சான் லீவில் வந்தான். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கெப்பை எடுத்தவன் முதலில் திருப்பி அடியைத்தான் பார்த்தான், பிறகுதான் மேலே பார்த்தான். கதவுக் கைப்பிடியை நகத்தால் தடவிக்கொண்டு, "இது அப்பவும் இருந்ததா மச்சான்?" என்று கேட்டான். மாமா பின்னால் நின்று, முன் சில்லு ரெண்டும் கொஞ்சம் வெளியே நிக்குது, என்ட வண்டி அப்படி நிக்கல்ல என்றார். அளந்து பார்த்தேன், உண்மைதான், ஒரு மில்லிமீற்றர். வரும் கச்சானுக்கு வலப் பக்கக் கிளியரைத் தேய்த்து இறக்கும்போது அதையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.