ஏ-ஸ்கேன் கருவியோடு எட்டு ஆண்டுகள்: கட்டை சொல்லாத குறை

என் ஏ-ஸ்கேன் கருவி கண்ணுக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு நீளத்தைக் கணக்கிடுவது. பழுது பார்க்கப் போயிருந்த அதன் புரோப், அதாவது கண்ணின்மேல் வைக்கும் ஒலிமுனை, திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. இதே கருவியை வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கண்புரை அறுவைக்கு முன் கண்ணின் நீளத்தை அளக்க எட்டு ஆண்டுகளாக இதைத்தான் பயன்படுத்துகிறேன். 10 மெகாஹெர்ட்ஸ் புரோப், திரை, அச்சுத்தாள் பற்றியெல்லாம் அவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது, பெட்டியோடு வரும் சோதனைக் கட்டையைப் பற்றித்தான்.

தினமும் காலையில் கட்டையின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டு புரோபை வைப்பேன். கட்டையில் எழுதியிருக்கும் எண் திரையில் அப்படியே வரும். பழுது பார்த்து வந்த அன்றும் வந்தது. அதை நம்பித்தான் நோயாளிகளை அழைத்தேன்.

மூன்றாம் நாள்தான் முன்னறை ஆழத்தின், அதாவது கருவிழிக்கும் லென்ஸுக்கும் இடையிலான தூரத்தின், வரிசை கண்ணில் பட்டது. ஒரே கண்ணில் 2.9 மில்லிமீட்டர், அடுத்து 2.8, பிறகு 2.6. அது குறையக் குறைய மொத்த நீளமும் அதே அளவு குறைந்திருந்தது. லென்ஸின் தடிமனில் மாற்றமே இல்லை. புரோப் தொட்டு அழுத்துவதால் கருவிழி (கார்னியா) அமுங்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தால், புரோபைத் தாங்கும் சுருள்வில்லை மாற்றியிருக்கிறார்கள். புதியது பழையதைவிட விறைப்பு. இதைப் பற்றி ரசீதில் ஒரு வரி இல்லை, யாரும் வாய்விட்டும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிளாஸ்டிக் கட்டை அமுங்காது, கண் அமுங்கும். எத்தனை விறைப்பான சுருள்வில்லைப் போட்டாலும் கட்டை சரியான எண்ணையே காட்டும். மின்சுற்று நேரத்தைச் சரியாக எண்ணுகிறதா என்பதற்கு மேல் அது எதையும் சோதிப்பதில்லை.

கருவிக்கு அநியாயம் செய்யக்கூடாது என்று ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து நீரில் சோதித்தேன். தட்டையான அடியுள்ள கிண்ணம், வெர்னியர், வெப்பமானி. புரோப் முனைக்கும் அடித்தளத்துக்கும் இடையே 23.50 மில்லிமீட்டர் இடைவெளி. நீரின் வெப்பம் 20 டிகிரி. அந்த வெப்பத்தில் நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1482 மீட்டர். லென்ஸ் இல்லாத கண்ணுக்கான முறையில் கருவி 1532 என்று எடுத்துக்கொள்ளும். அப்படியானால் திரையில் 24.29 (23.50 × 1532 ÷ 1482) வர வேண்டும். தானியங்கியாக அல்லாமல் கையால் பதிவு செய்யும் முறையில் பத்து முறை எடுத்தேன், 24.28, 24.29, 24.30 தவிர வேறெதுவும் வரவில்லை. எட்டு வயதுக் கருவி! அன்று எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது. கண்ணுக்குள் ஒலியின் வேகத்துக்கு நாம் கொடுக்கும் 1532, லென்ஸுக்கான 1641 என்ற எண்கள் 1962இல் ஜான்சன், கோக் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டவை. இன்றும் அவற்றை வைத்துத்தான் அளக்கிறோம். அவற்றிலும் குறையில்லை, கருவியின் கணக்கிலும் குறையில்லை.

என்னை உறுத்துவது அச்சுத்தாளின் கடைசி வரி. பத்து அளவுகளின் சராசரியும், அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கமும் இரண்டு தசமத்தில் வரும். 0.04 என்று பார்த்ததும் மனம் நிம்மதியாகிவிடுகிறது. ஒரே விசையில் பத்து முறை அழுத்தினால் பத்தும் ஒத்துத்தான் போகும். பத்துமே குறைவாக இருப்பதை அந்த எண் காட்டாது. நீளம் 0.25 மில்லிமீட்டர் குறைவாகப் பதிவானால், பொருத்தும் லென்ஸின் திறன் அரை டயாப்டருக்கு மேல் கூடிவிடும். அறுவைக்குப் பின் அந்த மனிதருக்குத் தூரப் பார்வை மங்கலாக இருக்கும். தாள் மட்டும் 0.04 என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இப்போது எல்லோருக்கும் நீர்க்கிண்ண முறைதான். இமைகளுக்கு நடுவே சிறு கிண்ணத்தை வைத்து, சலைன் நிரப்பி, புரோப் கருவிழியைத் தொடாமல் அளக்கிறேன். குமிழி வரும், ஓரத்தில் கசியும், நேரம் பிடிக்கும். ஆனால் கருவிழியின் எதிரொலி திரையில் தனியாக, இரட்டை முனையோடு எழும்பும்போது கிடைக்கும் தெளிவுக்காக அத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒளியால் அளக்கும் கருவிகள் முற்றிய புரையின் முன் கைவிரிக்கும்போது, இந்தக் கருவி விழித்திரையின் எதிரொலி முனையைத் திரையில் செங்குத்தாக எழுப்பிக் காட்டுகிறது. இந்தப் பழுதைத் தவிர, எட்டு ஆண்டுகளில் ஒரு நாளும் நின்றுபோனதில்லை. இத்தனையும் சொன்ன பிறகும் நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். தொடுமுறையில் மட்டும் அளக்கப்போகிறேன் என்கிறார் அவர். அப்படியானால் கட்டாயம் வேண்டாம்.

அந்த மூன்று நாட்களில் நான் அளந்தவர்களில் அறுவை முடியாதவர்களை எல்லாம் திரும்ப அழைத்திருக்கிறேன். நேற்று வந்த பெரியவருக்கு அன்று 23.31, நீர்க்கிண்ணத்தில் 23.56. பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை அவருடைய கோப்பில் வைத்தேன். இன்னும் நான்கு பேர் வர வேண்டும்.