கடத்தல்காரன் வேஷம்: எந்த விளையாட்டில் கட்டலாம்?

“அண்ணே, கடத்தல்காரனா ஆடணும்னா எதுல ஆடுறது?” செல்லூர் வீட்டு மொட்டைமாடியில் சித்தி மகன் கேட்டான். பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் கணினி விளையாட்டுகளில் இரண்டு இதற்குத் தோதானவை. இரண்டிலும் ஆடியவன் என்பதால் சொல்கிறேன்.

‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’ (2014) குற்றத்துக்கென்றே விதிகள் வைத்திருக்கிறது. திருடிய பொருளில் தனிக் குறி விழும். சாதாரணக் கடைக்காரர் அதைத் தொடமாட்டார்; தலைமறைவுப் புகலிடத்தில் இருக்கும் திருட்டுப்பொருள் வியாபாரியிடம்தான் தள்ள வேண்டும், அங்கும் தினசரி வரம்பு உண்டு. வழியில் காவலர் மடக்கினால் அபராதமும் போகும், சரக்கும் போகும். மூட்டையோடு சந்துக்குள் பதுங்கிப் போகும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும் பாருங்கள், அது நிஜம். ஆனால் ஒரு குறை. காசு கொடுத்து அந்தக் குறியை நீக்காமல் திருட்டுச் சரக்கை இன்னொரு ஆட்டக்காரர் கையில் கொடுக்கவே முடியாது. வாங்க ஆளில்லாமல் என்ன கடத்தல்?

‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டில் (2004) இப்படி எந்த விதியும் கிடையாது. எல்லாம் வாய்ஜாலம்தான். ஆனால் வேஷம் கட்டி ஆடுவோருக்கென்றே ஆர்ஜென்ட் டான் போன்ற சர்வர்கள், அதாவது தனித்தனி ஆட்ட உலகங்கள், உண்டு. எந்த அணியையும் சேராத பூட்டி பே துறைமுகத்தில் நின்று வெறும் துணிக்கட்டைக் காட்டி “தடைசெய்த மருந்து” என்பேன். எதிரே நிற்பவர் நம்பியதாக நடித்துப் பேரம் பேசுவார். ஆர்ஜென்ட் டான் ஐரோப்பிய சர்வர், கூட்டம் சேரும்போது நமக்கு நள்ளிரவு தாண்டிவிடும். மதுரைக்காரனுக்கு அது ஒரு பிரச்சினையா? பசித்தால் கீழே கொத்துப் பரோட்டா.

தனியாக ஆடுவதென்றால் முதலாவது போதும். தம்பி வாயாடி. அவனுக்கு இரண்டாவதைத்தான் இறக்கிக் கொடுத்தேன்.