சுறாத் தூண்டில்: பாலமா, மணலா, படகா?

ஃபுளோரிடாவில் சுறாவுக்குத் தூண்டில் போட மூன்று இடங்கள் உண்டு: கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கடற்பாலம், மணற்கரை, படகு. எங்கே மீன் அதிகம் மாட்டும் என்று பார்த்துத்தான் பலரும் இடம் பிடிக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியம், மாட்டிய சுறாவை எங்கிருந்து உயிரோடு விட முடியும் என்பது. லெமன் சுறா, புலிச்சுறா, பெரிய கொம்பன் சுறா ஆகியவற்றை அந்த மாநிலக் கடலில் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. 2019 ஜூலை முதல் அவற்றைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவும் தடை.

பாலத்தின் வசதியை மறுக்க முடியாது. அலை உடையும் இடத்தைத் தாண்டி ஆழத்துக்கு மேலேயே நிற்கலாம். மணலில் நிற்பவர் பெரிய இரையைக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டுபோய்ப் போடவேண்டும். இங்கே நேரே இறக்கினால் போதும். முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் கடல்மேல் நின்று மீன் பிடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. 1964-ல் தென் கரோலினாவின் செர்ரி குரோவ் பாலத்திலிருந்து வால்டர் மாக்ஸ்வெல் பிடித்த புலிச்சுறா 1,780 பவுண்டு, சுமார் 807 கிலோ. உலக சாதனை அது.

ஆனால் அந்தச் சுறாவைத் திருப்பி விடும் எண்ணம் யாருக்கும் இருக்கவில்லை. இன்று விட்டாக வேண்டும், பாலமோ தண்ணீருக்குப் பல மீட்டர் உயரத்தில் நிற்கிறது. மேலே தூக்கினால் சட்டமும் உடையும், சுறாவும் சிதையும். அதன் உள்ளுறுப்புகளைத் தாங்க விலா எலும்புகள் கிடையாது. மேலிருந்தே தூண்டில் நரம்பை அறுத்தால், தூண்டில் முள்ளோடும் அதை நரம்போடு இணைக்கும் கம்பியோடும் மீட்டர் கணக்கில் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். பாலத்தூணில் சுற்றிக்கொண்டால் இன்னும் மோசம்.

குளிப்பவர்களையும் மறக்கக் கூடாது. 2014 ஜூலையில் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் பாலத்தில் ஒருவர் தூண்டிலில் வெள்ளைச் சுறா மாட்டி, சுமார் 40 நிமிடம் போராடியது. அப்போது அந்தப் பக்கமாக நீந்தி வந்தவரைக் கடித்துவிட்டது. சுறாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்கள் நீந்தும் இடத்தில் வெறிபிடித்த நிலையில் அதைக் கட்டிவைத்தது மனிதர்தானே!

மணற்கரையில் வேலை அதிகம், பலன் நல்லது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, சுறாவை அங்கேயே வைத்து, கம்பியை முள்ளுக்கு ஒட்ட வெட்டிவிடலாம். உலர்ந்த மணலுக்கு இழுத்துப் போட்டுப் படம் எடுப்பவர்கள் இந்த நன்மையைத் தாங்களே கெடுக்கிறார்கள்.

படகைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீனைத் துரத்திப் போய்ப் போராட்டத்தைச் சுருக்கலாம், பக்கவாட்டில் வைத்தே விடலாம். செலவு ஒன்றுதான் தடை. நீண்ட போராட்டத்தைத் தாங்காத பெரிய கொம்பன் சுறாவுக்கு இந்த வேகம் உயிர் காக்கும்.

பெரிய சுறாதான் குறி என்றால் என் வரிசை: படகு, மணல். பாலத்தை நான் பட்டியலிலேயே சேர்க்க மாட்டேன். கரையிலிருந்து சுறா பிடிக்க ஃபுளோரிடாவில் இலவச அனுமதிச் சீட்டு வேண்டும், அது பாலத்துக்கும் பொருந்தும். ஆனால் சீட்டு பாலத்தின் உயரத்தைக் குறைத்துவிடாது. பானட்ஹெட் போன்ற சின்னச் சுறாக்கள் மாட்டினால் கவலையில்லை. கயிற்றில் இறக்கும் வளைய வலையில் ஏந்தி எடுத்து, முள்ளைக் கழற்றி, அதே வலையில் வைத்துத் தண்ணீரில் இறக்கிவிடலாம். எதிர்பாராமல் பெரியது மாட்டிவிட்டால் போராடி ரசிக்க வேண்டாம். மணற்கரைப் பக்கம் நடத்திக் கொண்டுபோக வழியில்லை என்றால் உடனே நரம்பை அறுத்துவிடுங்கள்.