ஜெர்மன் குடும்பப் பெயர்களுக்கு ஒரு நம்பகமான இணைய அகராதி

ஜெர்மன் குடும்பப் பெயர் ஒன்று எந்த மண்ணிலிருந்து கிளம்பியது என்று அறிய விரும்புவோருக்கு, இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் ‘ஜெர்மனியின் டிஜிட்டல் குடும்பப் பெயர் அகராதி’யைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மைன்ஸ் நகரிலுள்ள அறிவியல், இலக்கியக் கழகம் 2012இல் தொடங்கிய இந்தப் பணியில் மைன்ஸ், டார்ம்ஷ்டாட் பல்கலைக்கழகங்களின் மொழியியலாளர்களும் ஈடுபட்டிருக்கிறார்கள். பெயரைத் தட்டிப் பார்த்தால் அதன் பொருள், பிற எழுத்து வடிவங்கள், பரவலைக் காட்டும் வரைபடம் ஆகியவை ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன.

வரைபடத்தின் அருமை ‘வெஸ்ட்ஃபால்’ போன்ற பெயர்களில்தான் தெரிகிறது. 1648ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நம் வரலாற்று மாணவர்கள் அறிந்திருக்கும், மேற்கு ஜெர்மனியிலுள்ள வெஸ்ட்ஃபாலியா பகுதியைச் சேர்ந்தவர் என்பதே இதன் பொருள். ஆனால், இப்பெயருடையோர் அப்பகுதியைவிட ஹாம்பர்க், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன், மெக்லன்பர்க் ஆகிய வட பகுதிகளில்தான் செறிந்து வாழ்கிறார்கள். சொந்த மண்ணில் எல்லோருமே வெஸ்ட்ஃபாலியர் என்பதால் அங்கே அந்தப் பெயரால் யாரையும் அடையாளம் காட்ட முடியாது. வணிகத்துக்காகவும் குடியேற்றத்துக்காகவும் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் லூபெக் முதலான பால்டிக் கரை நகரங்களுக்குப் போனவர்களை அங்கிருந்தவர்கள் அப்படி அழைத்தார்கள், அதுவே பரம்பரைப் பெயராக நிலைத்தது. ஹெஸ்ஸன் பகுதியைக் குறிக்கும் ‘ஹெஸ்’ என்ற பெயரும் பெரும்பாலும் இப்படிப் பிறந்ததே. ‘டோரிங்’ என்பதோ துரிங்கியா பகுதிக்காரரையும் குறிக்கலாம், அதே வேரிலிருந்து வந்த ஆட்பெயராகவும் இருக்கலாம். இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கங்களுக்கு இடமுள்ள பெயர்களில் ஒன்றை மட்டும் முடிவாகச் சொல்லிவிடாமல் மற்றவற்றையும் தருவதை இந்த அகராதியின் பெரிய பலமாகக் கருதுகிறேன்.

பெயரில் ‘ஃபொன்’ (‘இன்ன இடத்தைச் சேர்ந்த’) என்ற அடைமொழி இருந்தால் அக்குடும்பம் அடுத்து வரும் பெயருக்குரிய மண்ணை ஆண்டது என்று முடிவு கட்டுவோர் பலர். அது எப்போதும் சரியல்ல. மார்க்ஸின் மனைவியாகத் தமிழ் வாசகர் அறிந்த ஜென்னி ஃபொன் வெஸ்ட்ஃபாலன் பிறந்தது 1814இல், சால்ஸ்வெடல் நகரில். அவருடைய பாட்டனார் பிலிப், ஏழாண்டுப் போரில் பிரவுன்ஷ்வைக் கோமகன் ஃபெர்டினாண்டின் செயலராகப் பணியாற்றியவர். வெறும் ‘வெஸ்ட்ஃபால்’ ஆக இருந்த அவருக்கு 1764இல் பிரபுப் பட்டம் கிடைத்த பிறகே பெயர் ‘ஃபொன் வெஸ்ட்ஃபாலன்’ என நீண்டது.

குறைகளும் உண்டு. வரைபடங்கள் 2005ஆம் ஆண்டின் டாய்ச்ச டெலிகாம் தரைவழித் தொலைபேசி இணைப்புகளை அடிப்படையாகக் கொண்டவை. ஓர் இணைப்பு ஒரு குடும்பத்தைக் குறிக்குமே தவிர ஒரு நபரை அல்ல. 1945க்குப் பின் கிழக்குப் பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட லட்சக்கணக்கானோர் நாடெங்கும் குடியேறியதால், பழைய பரவல் பல பெயர்களில் கலைந்து கிடக்கிறது. விளக்கங்கள் ஜெர்மன் மொழியில் இருப்பதால் அம்மொழி அறியாதவர் மொழிபெயர்ப்புக் கருவியை நாட வேண்டியிருக்கும். வெஸ்ட்ஃபாலியாவின் ஜெர்மன் பெயரான ‘வெஸ்ட்ஃபாலன்’ என்பதில் உள்ள ‘ஃபால்’ சமவெளியைக் குறிக்கிறதா என்பது போன்ற, அறிஞர்களிடையே இன்னும் முடிவாகாத இடப்பெயர் ஆய்வுகளுக்கு வேறு நூல்களைத்தான் தேட வேண்டும். தம் சொந்த முன்னோரைத் தேடுபவர்கள் இதைத் தொடக்கமாகக் கொண்டு, தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளுக்குப் போவதே சரியான வழி.