கண்ணாடி மழையா, இரும்பு ஆவியா?

சூரியக் குடும்பத்துக்கு வெளியே உள்ள கோள்களில் எது மிகக் கொடியது என்று கேட்டால், பலரும் சட்டென்று சொல்வது எச்டி 189733 பி. பூமியைப் போல நீல நிறம், அதில் பக்கவாட்டில் அடிக்கும் கண்ணாடி மழை. கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் என் ஓட்டு கெல்ட்-9 பி-க்குத்தான்.

இரண்டும் ஒரே இனம். வியாழனைப் போன்ற வாயுக் கோள்கள், தாய் விண்மீனை ஒட்டியபடி சுற்றுபவை. முன்னதற்கு ஓர் ஆண்டு என்பது 2.2 நாள், பின்னதற்கு ஒன்றரை நாள். முன்னது சுமார் 64 ஒளியாண்டு தொலைவில், பின்னது சுமார் 670 ஒளியாண்டு தொலைவில்.

நாம் பார்க்கும் படங்கள் ஓவியர்கள் வரைந்தவை என்றாலும் அந்த நீலம் பொய்யில்லை. கோள் விண்மீனுக்குப் பின்னால் மறையும்போது மொத்த ஒளியில் எந்த நிறம் குறைகிறது என்று ஹப்பிள் தொலைநோக்கி கவனித்தது. பச்சையும் சிவப்பும் அப்படியே இருக்க, நீலம் மட்டும் மங்கியது. அப்படியானால் மறைந்த கோள் தந்த ஒளி நீலம். 2013-இல் வெளியான இந்த முடிவை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். அந்த நீலத்துக்குக் காரணம் கடல் அல்ல, ஆயிரம் டிகிரி வெப்பத்தில் மிதக்கும் சிலிக்கேட் துகள்கள், அதாவது கண்ணாடிக்கு மூலமான பொருள், என்பது விளக்கம். காற்றோ மணிக்குச் சுமார் 8,700 கிலோமீட்டர் வேகம். துகளையும் காற்றையும் சேர்த்து ஊகித்ததுதான் கண்ணாடி மழை. மழையை இதுவரை எந்தக் கருவியும் நேரடியாகக் காணவில்லை.

கெல்ட்-9 பி-யில் ஊகத்துக்கு அவ்வளவு வேலையில்லை. 2017-இல் அறிவிக்கப்பட்ட இந்தக் கோளின் பகல் பக்கம் சுமார் 4,300 டிகிரி செல்சியஸ். சிறிய, வெப்பம் குறைந்த விண்மீன்களான சிவப்புக் குறுமீன்கள் பலவற்றின் மேற்பரப்பே இவ்வளவு சுடாது. மறு ஆண்டே அதன் வளிமண்டல நிறமாலையில் (ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்ததில்) இரும்பும் டைட்டானியமும் தனித்தனி அணுக்களாகத் தென்பட்டன. இரும்பு அங்கே உருகி ஓடவில்லை, ஆவியாகவே மிதக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறுகூடப் பகல் பக்கத்தில் தாங்காமல் இரண்டாகப் பிளக்கிறது. காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இரவுப் பக்கம் போனதும் மறுபடி சேர்ந்து, சேரும்போது வெப்பத்தை அங்கே கொட்டுகிறது. கோள் என்ற சொல்லுக்கு எல்லை எது என்று யோசிக்க வைப்பது இந்தக் கோள்தான். இதை முதலில் பிடித்தது ராட்சத தொலைநோக்கியும் அல்ல, 42 மில்லிமீட்டர் துளை கொண்ட ஒரு கேமரா லென்ஸ்.

கருமைதான் விசித்திரம் என்பவர்களுக்கு டிரெஸ்-2 பி என்ற இன்னொரு கோள் இருக்கிறது. தன்மேல் விழும் ஒளியில் ஒரு சதவீதத்தைக்கூட அது திருப்பித் தருவதில்லை.

செப்டம்பர் மாத முன்னிரவில் நம் ஊர் வானத்தில் அன்னம் விண்மீன் குழு உயரே நிற்கும். கெல்ட்-9 விண்மீன் அதற்குள்ளேயே இருக்கிறது. எச்டி 189733 பக்கத்துக் குழுவான குறுநரியில். இந்த இரண்டு விண்மீன்களும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நல்ல பைனாகுலரும் இருட்டான மொட்டைமாடியும் இருந்தால் இரண்டையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம்.