வன்னிக் களத்துக்கு எந்த அழைப்பு: கூட்டமா, வட்டமா, உருவா, மடையா?

வட இலங்கையின் வன்னியைக் களமாக்கி மேசைக் கதைவிளையாட்டு (பகடை உருட்டி, பாத்திரங்களாகக் கதை ஆடுவது) நடத்துகிறவர்களுக்கு அழைப்பு மந்திரத்தில் நான்கு வழிகள் உண்டு. விலங்குக் கூட்டத்தை வரவழைக்கலாம், வட்டத்துக்குள் ஒன்றை அடைத்துக் கட்டலாம், ஆள்மேல் உரு வரச் செய்யலாம், மடை (படையல்) பரவி அந்த இடத்துக் காவலோடு உடன்படலாம். முதல் இரண்டுக்கும் டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்ற விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் விதிகள் தயாராக இருக்கின்றன. மற்ற இரண்டையும் நாமே எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் மடைதான் இந்த மண்ணுக்குச் சரி என்பது எங்கள் முடிவு.

கூட்டத்தில் தொடங்குவோம். 2014இல் வந்த அந்த ஐந்தாம் பதிப்பில் விலங்கழைப்பு மூன்றாம் நிலை மந்திரம். வலிய விலங்கு என்றால் 1, எளியவை என்றால் 8 வரை வரும். விளையாடுகிறவர் பெரும்பாலும் 8ஐத்தான் கேட்பார். 8 ஓநாய்கள் வந்தால், கூட்டாளி பக்கத்தில் நிற்கும் சலுகையால் ஒவ்வொரு கடிக்கும் பகடையை இருமுறை உருட்ட வேண்டும். ஒரு சுற்றுக்கு 16 உருட்டல். பட்ட கடி ஒவ்வொன்றுக்கும் எதிராளி விழாமல் நிற்க இன்னொன்று. மற்றவர்கள் கைகட்டிக் காத்திருப்பார்கள். 2020இல் வந்த துணைநூல் இதற்கு மாற்றாக ஒரே ஓர் உருவம் வரும் மந்திரங்களைத் தந்தது; 2024 திருத்தத்தில் பழைய கூட்டமே ஓர் ஆவித்திரளாகிவிட்டது. வன்னிக்கு 2020இன் வழி போதும். விலங்குப் பட்டியலை மட்டும் மாற்றுங்கள்: ஓநாயும் வரிப்புலியும் இலங்கைக் காட்டில் இல்லை. சிறுத்தை, கரடி, யானை, பன்றி, மரை வையுங்கள். பாலைப்பழக் காலத்தில், வைகாசி ஆனியில், கரடிகள் பழத்துக்காக மரமேறும். அந்த மாதங்களில் கரடி அழைப்புக்கு ஒரு சலுகை கொடுத்தால் காடு காடாகத் தெரியும்.

வட்டம் வலிமையானது. அதில் சறுக்குகிறவர்களும் அதிகம். பாதுகாப்பு வட்டம் போட 1 நிமிடம். ஆரம் 10 அடி, உயரம் 20 அடி. 100 பொன் பெறுமதியான வெள்ளி, இரும்புத் தூள் செலவாகும். வழக்கமாக அது வெளியே நிற்பதை உள்ளே விடாது. அழைத்ததை அடைக்க வேண்டுமானால், போடும்போதே திசையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இதை மறந்தவருக்கு வட்டம் இருந்தும் இல்லாத கதைதான். அடுத்த சறுக்கல் நேரக்கணக்கு. மூன்றாம் நிலை வட்டம் 1 மணி நேரமே நிற்கும். கட்டும் மந்திரத்தை ஓதவும் 1 மணி நேரம் ஆகும், 1000 பொன் மதிப்புள்ள மணிக்கல்லும் போகும். வட்டம் போட்டபின் அழைத்து, அதற்குப்பின் ஓதத் தொடங்குவதால், கட்டு முடியுமுன் வட்டம் அவிழ்ந்துவிடும். வட்டத்தை நான்காம் நிலையில் போட்டால் 2 மணி நேரம் கிடைக்கும். இதோடும் முடியவில்லை. நீண்ட ஓதலுக்குக் கவனம் சிதறாத ஒருமுகம் தேவை. அழைப்பையும் ஒருமுகத்தால்தான் பிடித்திருப்பார்கள். ஒருவரால் இரண்டும் ஆகாது. ஆகவே ஆள் இருவர் வேண்டும். இத்தனை செலவழித்துக் கட்டியது 24 மணி நேரம் பணி செய்யும், மனமில்லாமல். எதிரி மந்திரவாதிக்கு இது நன்றாகப் பொருந்தும்.

உருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 10 சுற்று நீடிக்கட்டும், இறங்கியதும் ஒரு படி களைப்பு, வேப்பிலையும் மஞ்சள்நீரும் இல்லையென்றால் இரண்டு படி. நடத்துநர் (கதையை நடத்துகிறவர்) விளையாடுபவரின் பாத்திரத்தைப் பறித்துக்கொள்வதுதான் இதிலுள்ள கேடு. தெய்வவாக்கு நடத்துநருடையது, உடலின் அசைவு விளையாடுபவருடையது என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

இனி மடை. முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கேற்றி, அதன்பிறகே வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கல் நடக்கிறது. பல நாள், பல இடம், ஒழுங்கு தவறாத வரிசை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரிசையின் பொறுமையை மட்டுமே. கண்ணகி அம்மனையோ ஐயனாரையோ அழைக்கும் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அது வாழும் வழிபாடு. உங்கள் உலகத்துக்குப் புதிதாக ஒரு குளக்காவலைப் படையுங்கள்.

விதி இப்படி. காவல் தன் குளத்து நீர் பாயும் வயலெல்லையைத் தாண்டாது. முன்மடை: வெற்றிலை 3, பாக்கு 1, தேங்காய் 1, கற்பூரம், அரை மணி நேரம். இதற்குப்பின் ஒரே ஒரு வேண்டுதல். செய்தி அறிய ஒரு பானைப் பொங்கல், ஓரிரவுக் காவலுக்கு மூன்று, சண்டைக்கு ஒரு மூட்டை புதுநெல். நேர்த்தியை அந்தப் போக அறுவடைக்குள் தீர்க்க வேண்டும். ஐப்பசியில் விதைத்த காலபோகம் என்றால் மாசிவரை தவணை. வலிமையை நீர்மட்டத்தில் கட்டுங்கள்: 6 அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை. இரணைமடு போல 36 அடிக் குளம் மாரியில் நிரம்பி நின்றால் 6 பகடை, ஆவணி வெயிலில் 12 அடிக்கு இறங்கினால் 2. சண்டையை எந்த மாதம் வைத்துக்கொள்வது என்று விளையாடுபவர்களே யோசிக்கத் தொடங்குவார்கள். வேறு எந்த வழியும் இதைத் தராது.

இங்கேயும் பிழைகள் உண்டு. நேர்த்தியை வைத்துச் சந்தைப் பேரம் நீளும். இரண்டு முறை கேட்டதும் காவல் வாய்மூடிவிடும் என்று வையுங்கள். தீர்க்காத நேர்த்திக்குப் பழிவாங்கும் பூதத்தை அனுப்பாதீர்கள். அந்தக் குளத்தில் அவருக்கு இனி மடை ஏற்கப்படாது என்பது அதைவிடக் கனமான தண்டனை.

இறந்தவர்களை எழுப்பும் மந்திரத்தை நான்கு வழியிலும் நீக்கிவிடுங்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தெருவோரத்தில் போராட்டம் தொடங்கினார்கள். அந்த வீடுகளிலிருந்து வருகிறவர் உங்கள் மேசையிலும் இருக்கலாம்.

வழிகளைக் கலந்து வைப்பதானால் எதிரிக்கு வட்டம், நாயகர்களுக்கு மடை. எதிரி விழுந்ததும் அவன் கட்டியது ஆளின்றித் திரியும். அதை அனுப்பக் கழிப்பு (தீயதை விலக்கும் சடங்கு) வேண்டும். நீத்துப்பூசணி 1, தேசிக்காய் 3, முச்சந்தி, விடியுமுன். சாமான் வாங்கக் கடை திறந்திருக்கும் நேரத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.