"வேண்டாம்" வந்து சேரவேண்டும்: ஓடும் வரிக்கு டெக்ஸ்ட்வியூவா, சொந்த வியூவா?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கும் என் சித்தப்பாவுக்கும், அவரோடு ஏலத்துக்கு வருபவர்களுக்கும் ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் செய்து கொடுத்தேன். ஏலம் போகப்போக ஒருவர் விலையைப் பதிவார், மற்றவர்கள் போனில் பார்த்துக்கொள்வார்கள். திரையின் மேலே, டிவி செய்தியில் கீழே ஓடுமே, அதுபோல ஒரே ஒரு வரி ஓடவேண்டும். வஞ்சிரம் இவ்வளவு, சங்கரா இவ்வளவு, கடல் நிலவரம் இப்படி என்று.

அந்த ஒரு வரிக்காக இரண்டு வழிகளையும் செய்து பார்த்துவிட்டேன். ஒன்று, ஆண்ட்ராய்டிலேயே இருக்கும் டெக்ஸ்ட்வியூவின் (திரையில் எழுத்தைக் காட்டும் உறுப்பு) மார்க்கீ, அதாவது எழுத்தை ஓடவிடும் வசதி. இன்னொன்று, கேன்வாஸ் என்ற வரைபரப்பில் நாமே வரையும் சொந்த வியூ (திரை உறுப்பு). இப்போது ஆப்பில் ஓடுவது இரண்டாவது. வெப்வியூவுக்குள் (ஆப்புக்குள் வெப்பக்கம் காட்டும் உறுப்பு) பழைய எச்டிஎம்எல் மார்க்கீ டேக்கைப் போடலாமே என்று ஒரு நண்பன் சொன்னான். ஒரு வரிக்காக முழு பிரவுசரை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அதை விட்டுவிட்டேன்.

டெக்ஸ்ட்வியூ வழி எல்லோருக்கும் தெரிந்ததுதான். எலிப்சைஸில் (அடங்காத எழுத்தை என்ன செய்வது என்ற அமைப்பு) மார்க்கீ, ஒற்றை வரி, எத்தனை சுற்று என்ற எண், கோடில் செட்செலக்டட் (இந்த உறுப்பு தேர்வானது என்று சொல்வது). நாலு வரியில் வேலை முடிந்துவிடும். செலக்டட் கொடுக்க மறந்தால் ஓடாது. எழுத்து திரைக்குள் அடங்கிவிட்டாலும் ஓடாது. பாட்டின் பெயர், ஃபைலின் பெயர் என்று மாறாத ஒரு நீள வரியைக் காட்ட இதுவே போதும். அதற்குச் சொந்தமாக எழுதுவது வீண் வேலை.

நான் மாறியதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுத்து மாறினால் என்ன ஆகிறது என்பது.

கடலூர்க்காரர்களுக்குப் புயல் கூண்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை கடந்தது. அதனால் ஆப்பைச் சோதிக்க நான் போட்ட முதல் வரியே இதுதான்: "கடலூர் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளதால் மீனவர்கள் மறு அறிவிப்பு வரும்வரை கடலுக்குச் செல்ல வேண்டாம்." போனைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏம்ப்பா, கடலுக்குச் செல்லன்னு வருது, அப்புறம் மறுபடியும் கடலூர் துறைமுகத்துல இருந்து ஆரம்பிக்குது. போகணுமா, வேணாமா?" என்று கேட்டார்.

எஸ்பி எழுத்தளவுக்கும், டிபி திரை நீளத்துக்கும் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் அலகுகள். அந்த வரி 18 எஸ்பி அளவில் ஏறக்குறைய 1,110 டிபி நீளம். போனின் அகலம் 360 டிபி. டெக்ஸ்ட்வியூ மார்க்கீ முதலில் 1.2 நொடி நிற்கும், பிறகு நொடிக்கு 30 டிபி வேகத்தில் நகரும். மீதி 750 டிபி உள்ளே வர 25 நொடி, நின்ற நேரத்தையும் சேர்த்தால் 26 நொடிக்கு மேல். நானோ 20 நொடிக்கு ஒருமுறை புது விலையை வாங்கி, எழுத்தை மாற்றும் செட்டெக்ஸ்ட் கட்டளையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுத்த நொடியே மார்க்கீ தொடக்கத்துக்குப் போய்விடும். தமிழில் வினை கடைசியில்தான் வரும். "செல்ல" திரைக்கு வந்துவிட்டது, "வேண்டாம்" முழுதாக வரவே இல்லை. ஒரு மீனவர் கையில் இருக்கும் போனில் இது எவ்வளவு பெரிய தவறு என்று நினைத்தபோது அன்றிரவு தூக்கம் வரவில்லை.

எழுத்து மாறியிருந்தால் மட்டும் செட்டெக்ஸ்ட் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தேன். ஏல நேரத்தில் விலை சில நொடிக்கு ஒருமுறை மாறுகிறது, பலன் இல்லை. எச்சரிக்கையைத் தனி டெக்ஸ்ட்வியூவாகப் பிரித்தேன். அகலத்தை ராப்-கன்டென்ட் (எழுத்துக்கு ஏற்ற அகலம்) என்று விட்டிருந்ததால், கீழே விலைப்பட்டியல் மாறி லேஅவுட் (திரை அமைப்பு) திரும்பக் கணக்கிடப்படும்போதெல்லாம் இதுவும் முதலிலிருந்து ஓடியது. அகலத்தை நிலையாக வைத்த பிறகு அந்தத் தொல்லை நின்றது. வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு "வேண்டாம்" என்பதை முன்னால் கொண்டுவரலாம், ஆனால் பதிகிறவர்கள் வந்த அறிவிப்பை அப்படியே ஒட்டுகிறார்கள். ஒரு சுற்று முடியும்வரை காத்திருந்து எழுத்தை மாற்றலாம் என்று பார்த்தால், சுற்று முடிந்ததைச் சொல்ல டெக்ஸ்ட்வியூவில் வெளியே திறந்த வழி எதுவும் இல்லை. வேகத்தை மாற்றவும் இல்லை. அங்கேதான் முடிவெடுத்தேன்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் உட்கார்ந்து சொந்த வியூவை எழுதினேன். உள்ளே ஒரு வரிசை இருக்கிறது. திரையில் ஓடும் செய்தி இடது ஓரத்தைத் தாண்டி முழுதாக வெளியேறிய பிறகுதான் வரிசையிலிருந்து அடுத்ததை எடுக்கும். விலை மாறினால் காத்திருக்கும் செய்தி மட்டும் மாறும், கண்ணுக்கு முன்னால் ஓடுவதில் கை வைக்காது. எச்சரிக்கை வந்தால் வரிசையின் முன்னால் போய் நிற்கும். இவ்வளவுதான், ஆனால் எனக்கு வேண்டியது முழுதும் இதில் இருக்கிறது.

இதிலும் இடறினேன். முதலில் ஒவ்வொரு அடிக்கும் வரியின் முன்னால் ஓர் எழுத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைக் காட்டினேன். ஆங்கிலத்தில் ஓடும். தமிழில் "கொடுவா" வந்ததும் சிதறியது. "கொ" நமக்கு ஓரெழுத்து, யூனிகோடில் இரண்டு குறி. க போனதும் மிச்சக் குறி ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு நின்றது. வரி முழுவதையும் ஒருமுறை அளந்து, வெட்டாமல் அப்படியே நகர்த்தி வரைவதுதான் சரி. நகர்த்தும்போதும் ஃப்ரேமுக்கு 2 பிக்சல் என்று எழுதாதீர்கள். 60 ஹெர்ட்ஸ் போனில் (நொடிக்கு 60 ஃப்ரேம்) நொடிக்கு 120 பிக்சல் போவது 120 ஹெர்ட்ஸ் போனில் 240 ஆகிவிடும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆண்ட்ராய்டின் கோரியோகிராஃபர் தரும் நேரத்தை வைத்து, கடந்துபோன நேரத்தை வேகத்தால் பெருக்குங்கள். திரை மறைந்ததும் இந்தக் கால்பேக்கை (ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வரும் அழைப்பை) நிறுத்துங்கள், இல்லாவிட்டால் பேட்டரி கரையும்.

உயரத்தையும் சொல்லவேண்டும். வரையப் பயன்படும் பெயின்ட் தந்த எழுத்துயரம், ஆண்ட்ராய்டின் ஆங்கில எழுத்துருவான ரோபோட்டோவுக்கானது. அதை நம்பியதால் "கூண்டு" எழுத்தின் கீழ்வளைவு வெட்டுப்பட்டது. தமிழ் எழுத்துருவை ஆப்போடு சேர்த்து, அதன் அளவையே எடுத்த பிறகு சரியானது. டெக்ஸ்ட்வியூவில் இந்தத் தொல்லை குறைவு. ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காக வைக்கும் ஆப்களில் எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் (உயரமான எழுத்துக்கு வேண்டிய இடம் விடும் அமைப்பு) தானாகவே இயங்குகிறது, தமிழும் அந்தப் பட்டியலில் உண்டு.

டெக்ஸ்ட்வியூ தெளிவாக ஜெயிக்கும் இடம், திரையை வாய்விட்டுப் படிக்கும் டாக்பேக். டெக்ஸ்ட்வியூவின் எழுத்தை அது தானே படித்துக் காட்டும். சொந்த வியூ, நாம் விவரம் எழுதிக் கொடுக்காதவரை, பார்வையற்றவருக்கு வெறும் காலிப் பெட்டி. தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் அசைவதை நிறுத்த வழி இருக்கவேண்டும் என்று வெப் அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 2.2.2 விதி சொல்கிறது. அதற்கு, தொட்டால் நிற்கும்படி வைத்திருக்கிறேன். சொந்த வழியில் போகிறவர்கள் இந்த இரண்டையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டில் திரை அமைக்கும் புதிய கருவியான ஜெட்பேக் கம்போஸின் பேசிக்மார்க்கீயை வேறொரு ஆப்பில், ஒரு பக்கத்தில் மட்டும் பயன்படுத்தினேன். அதனால் அதைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன். வேகம், இடைவெளி, சுற்று எண்ணிக்கை மூன்றையும் மாற்ற விடுகிறது, அந்த வகையில் டெக்ஸ்ட்வியூவைவிட மேல். எண்ணிக்கை சொல்லாவிட்டால் 3 சுற்றோடு நின்றுவிடும், அதை மட்டும் கவனியுங்கள். நொடிக்கு நொடி மாறும் விலையை அதில் ஓடவிட்ட அனுபவம் எனக்கு இல்லை.

வேகத்தைச் சித்தப்பாவை வைத்துத்தான் முடிவு செய்தேன். அவர் உதடு அசையப் படிப்பவர். நொடிக்கு 60 டிபியில் உதடு பின்தங்கியது. 50இல் மீன் பெயர்கள் சரியாக வந்தன, எண்கள் தப்பின. 45இல் "கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று முழுதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். கூண்டு ஏறிய நாளில் மட்டும் ஓடும் வரிக்கு மேலே அசையாத ஒரு சிவப்புப் பட்டையும் வரும்படி செய்திருக்கிறேன், அதில் அந்த மூன்று சொல் மட்டும்.